தாது வருடப் பஞ்சமும் சேலம் மாவட்ட நிவாரண முகாம்களின் மருத்துவமும் (1876–1878)

முன்னுரை

மக்கள் வழக்கில் ‘தாது வருடப் பஞ்சம்’ என நிலைத்துவிட்ட 1876–78ஆம் ஆண்டுப் பஞ்சம், சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. நாமக்கல், திருச்செங்கோடு வட்டங்களும் அன்று அம்மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.7 இலட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை, 1881இல் ஏறத்தாழ 16 இலட்சமாகக் குறைந்தது. நிவாரண முகாம்களில் ஏழைகள் பெற்ற மருத்துவத்தை அவர்களுக்கு வரையறுக்கப்பட்ட உணவளவிலிருந்து பிரித்து மதிப்பிட இயலாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

நிவாரணமும் சோதனையும்

இங்கிலாந்தின் 1834ஆம் ஆண்டு ஏழையர் சட்டம், உதவி நாடுவோரை உழைப்பு இல்லங்களுக்குள் வரச்செய்தது. இல்லத்து வாழ்வு, வெளியிலுள்ள கடைநிலைத் தொழிலாளியின் வாழ்வைவிட விரும்பத்தக்கதாக இருத்தல் கூடாது என்பது அதன் கொள்கை. தகுதியற்றோர் உதவி பெற்றுவிடுவர் என்னும் இந்த ஐயமே சென்னை மாகாணப் பஞ்ச நிவாரணத்திலும் தொழிற்பட்டது. உடல்வலிமை உடையோர் சாலை, குளம் முதலிய பணிகளுக்கு அனுப்பப்பட்டனர். வேலை செய்ய இயலாதோருக்கு முகாம்களில் சமைத்த உணவு அளிக்கப்பட்டது.

உணவளவு பற்றிய விவாதம்

1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள் நிவாரணப் பணியாளரின் கூலியைக் குறைத்தார். வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு (ஏறத்தாழ 450 கிராம்) தானியத்தின் விலையும் அரையணாவும் போதுமெனக் கொள்ளப்பட்டது. மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதனை எதிர்த்தார். சிறைக் கைதிகளின் உணவுமுறையை முன்னரே ஆராய்ந்திருந்த அவர், உழைக்கும் கைதி பெறும் உணவைவிட இது குறைவு எனவும், பருப்பின்றித் தானியத்தை மட்டும் உண்டு உடல் உழைக்க இயலாது எனவும் வாதிட்டார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது.

முகாம் மருத்துவமனைகள்

முகாம்களை அடைந்தோரிடையே வயிற்றுப்போக்கும் சீதபேதியும் மிகுந்திருந்தன. காலராவும் அம்மையும் நெரிசலில் பரவின. சென்னை இராயபுரம் மணியக்காரர் சத்திர முகாம் மருத்துவமனையில் பணிபுரிந்த மருத்துவர் அலெக்சாண்டர் போர்ட்டர், இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து, நீண்ட பட்டினியால் குடலின் உட்சுவர் நலிவதைப் பதிவுசெய்தார்; அவரது நூல் 1889இல் வெளிவந்தது. குடல் அந்நிலையை எய்தியபின் நல்ல உணவும் உடலில் சேர்வதில்லை. ஆதலின் மருந்தாளுநரின் திறன் எத்தகையதாயினும், நோயாளி முகாமுக்கு வந்துசேர்ந்த காலமே அவரது உயிரைத் தீர்மானித்தது.

காலந்தாழ்த்தி வந்தமைக்கு மக்களின் அறியாமை மட்டும் காரணமன்று. பிற சாதியார் சமைத்த உணவை உண்ணுதல், ஊரையும் உறவையும் பிரிந்து அடைபட்டிருத்தல், முகாமில் நிகழும் மரணங்கள் ஆகியவை பற்றிய அச்சம் பலரை இறுதிவரை வெளியே நிறுத்தியது. சோதனையாக வகுக்கப்பட்ட கடுமை, மருத்துவத்திற்கு முன் நின்ற தடையாயிற்று.

முடிவுரை

1880ஆம் ஆண்டுப் பஞ்ச ஆணைய அறிக்கையும் அதன்வழி உருவான பஞ்ச விதித்தொகுப்புகளும் உழைக்க இயலாதோருக்கு ஊரிலேயே உதவி அளிக்க இடந்தந்தன. எனினும் ஏழையர் இல்லமும் உழைப்புச் சோதனையும் தொடர்ந்தன. மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்த ஸ்டான்லி மருத்துவமனையைச் சென்னை மக்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே வழங்கினர். பசிக்கு அளிக்கப்படும் கஞ்சியும் நோய்க்கு அளிக்கப்படும் மருந்தும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை அப்பெயர் உணர்த்துகிறது. சேலம் மாவட்டம் இழந்த உயிர்களின் கணக்கும் அதனையே மெய்ப்பிக்கிறது.