ஊர்த்தெருவிலிருந்து ஆறுவழிச் சாலை வரை

எங்கள் ஊரில் பஸ் நிற்கும் இடம் பிள்ளையார் கோயில் பக்கத்தில் இருந்தது. சேரியிலிருந்து அங்கே போக, வயல் வரப்பில் கால் மணி நேரம் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவோம். ரோடு சேரியைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. பஸ்ஸும் நம் கண் முன்னால்தான் போகும். ஆனா நிக்காது. "ஸ்டேஜ் அங்கதாம்பா" என்பார் கண்டக்டர். அந்த ஸ்டேஜை அங்கே வைத்தது யார், எந்தக் கணக்கில் வைத்தார்கள் என்று அப்போது கேட்கத் தெரியவில்லை.

பின்னால் படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தெருவுக்கும் வண்டிக்கும் நம் சனங்கள் நடத்திய சண்டை நூறு வருசத்துக்கும் மேலான சண்டை என்று. ரோடு போடுவது இன்ஜினியர் வேலை, பஸ் விடுவது டிப்போ வேலை, இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கிற நண்பர்களுக்காக அந்த வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1893-இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி ஒரு வில்லுவண்டி வாங்கி, புலையர் கால்படக் கூடாது என்றிருந்த பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். அடிதடி நடந்தது. வண்டி நிற்கவில்லை. சென்னைச் சட்டமன்றத்தில் ரெட்டைமலை சீனிவாசன் 1924-இல் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத்தெருவில் எந்த வகுப்பாரும் நடக்கலாம், பொதுக்கிணற்றிலும் பொதுக்கட்டடத்திலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். அரசாங்கம் அந்த ஆண்டே அதை உத்தரவாகவும் போட்டது. நடக்கலாம் என்பதற்கே ஒரு அரசாணை தேவைப்பட்ட நாடு இது. அதே 1924-இல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது.

தெரு கிடைத்ததும் வண்டி வந்தது. தனியார் மோட்டார் பஸ்கள் ஓடத் தொடங்கிய காலத்தில், பஞ்சமர்களை ஏற்ற மாட்டோம் என்று பஸ் முதலாளிகள் மறுத்தார்கள். இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த சுயமரியாதை இயக்கத்தின் ஊ.பு.அ. சௌந்திரபாண்டியன், ஆதிதிராவிடர்களை ஏற்றாத பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று சொன்ன பிறகுதான் அங்கே கதவு திறந்தது. காசு கொடுக்கத் தயாராக இருந்தவனுக்கே இந்த நிலைமை.

1947-க்குப் பிறகு படிப்படியாகப் பஸ் அரசாங்கத்துடையதானது. 1972-இல் பல்லவன் வந்தது, பின்னால் சேரன், சோழன், பாண்டியன் என்று மூவேந்தர்களும் ரோட்டில் ஓடினார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு புதிய கழகத்துக்கு, கட்டபொம்மனின் தளபதியாக இருந்து உயிர்விட்ட தேவேந்திரர் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்களில் கலவரம், உயிர்ச்சேதம். அரசாங்கம் என்ன செய்தது? எல்லாக் கழகங்களின் பெயரையும், மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்களின் பெயரையும் சேர்த்து எடுத்துவிட்டது. ஒரு தலித் பெயர் பஸ் மேலே ஏறியதும் மூவேந்தர்களும் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார்கள். இன்றைக்குத் தமிழ்நாடு முழுக்க ஓடும் பெயரில்லாத பஸ்களின் கதை இதுதான்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த தீண்டாமை. யார் மறித்தான், எங்கே மறித்தான் என்று சொல்லிவிடலாம். சென்னையின் புறநகரில் நடந்திருப்பதற்கு அப்படி ஒரு முகம் இல்லை. அங்கே மறிப்பது தூரம்.

சென்னையின் புறநகர் ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதற்குச் சில வருசம் முன்னால்தான் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் மனை போட்டார்கள். ஆபீஸ் குமாஸ்தா காலையில் மாம்பலத்தில் ஏறி, கோட்டையில் இறங்கி, சாயந்திரம் வீடு திரும்பலாம். மனை, ரயில், வேலை மூன்றும் ஒரே கணக்கில் பொருந்தின. ஒரு நடுத்தர வர்க்கத்துக்குத் திட்டமிட்டுக் கொடுக்கத் தெரியும் என்பதை அரசாங்கம் அன்றைக்கே காட்டிவிட்டது. ஆகவே, பின்னால் நம் சனங்களுக்கு நடந்ததைத் திறமைக்குறைவு என்று சொல்லித் தப்ப முடியாது.

1970-இல் குடிசை மாற்று வாரியம் வந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவது என்று ஆரம்பித்தார்கள். குறை ஆயிரம் இருந்தது. ஆனாலும் வேலை நடந்துபோகும் தூரத்தில் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது. தொண்ணூறுகளுக்குப் பிறகு நகரத்தின் மண் தங்கமானது. கூவம் கரை, அடையாற்றுக் கரை, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரை என்று இருந்தவர்களை லாரியில் ஏற்றித் தெற்கே கொண்டுபோகத் தொடங்கினார்கள். 2000-இல் கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்தை ஒட்டிப் பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கு மேல் வீடுகள். பெரும்பாக்கத்தில் 20,000-க்கு மேல். நகரத்தின் குப்பை அள்ளுகிற, சாக்கடை எடுக்கிற, பாத்திரம் தேய்க்கிற, சித்தாள் வேலை பார்க்கிற சனம் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் அடுக்கி வைக்கப்பட்டது. ஊரும் சேரியும் என்று கிராமத்தில் இருந்த கோடு, மாநகரத்தின் வரைபடத்திலும் போடப்பட்டது.

கண்ணகி நகர் வந்த அதே 2000-இல்தான் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். ஒரே சாலை, பழைய மகாபலிபுரம் ரோடு. ஐ.டி. கம்பெனிகளுக்காக அந்த ரோடு ஆறுவழிச் சாலையாக்கப்பட்டு, மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டர், 2008-இல் திறக்கப்பட்டது. ராஜீவ்காந்தி சாலை என்று பெயர் சூட்டினார்கள், சுங்கச்சாவடி வைத்தார்கள். வண்டிக்கு வழி அகலமானது. கால்நடையாகக் குறுக்கே போகிறவனுக்கு அதே ரோடு ஆறாகிவிட்டது. மெட்ரோ வேலை ஆரம்பித்ததால் 2021-இல் நான்கு சாவடிகளில் வசூலை நிறுத்தினார்கள். நடந்துபோகிறவர்கள் கொடுத்த விலைக்கு அப்படி ஒரு நிறுத்தம் இல்லை.

இதில் எங்கள் அத்தை கதையையும் சொல்ல வேண்டும். மயிலாப்பூர் பக்கம் கால்வாய்க் கரையில் குடிசை. நாலு வீட்டில் வேலை. காலை அஞ்சரைக்குக் கிளம்பினா ஆறு மணிக்கு முதல் வீட்டு வாசல் தெளிச்சிருக்கும். தெற்கே ஒரு குடியிருப்பில் மூணாவது மாடியில் வீடு கொடுத்துக் கொண்டுபோய் விட்டபிறகு, காலையில் முதல் பஸ் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. வந்தாலும் தொங்கிக்கிட்டுத்தான் போகணும். மெயின் ரோட்டில் இறங்கி, இன்னொரு பஸ் மாறணும். ஆறு மணி வேலைக்கு எட்டரைக்குப் போனா யார் ஒத்துப்பாங்க? ரெண்டு வீடு போச்சு. மிச்சம் ரெண்டு வீட்டுச் சம்பளத்தில் பாதி பஸ்ஸுக்குப் போச்சு. மக ஒன்பதாங் கிளாஸோடு நின்னுட்டா. பள்ளிக்கூடம் பழைய இடத்தில், சாயந்திரம் திரும்பி வர இருட்டிடும், வயசுப்பொண்ணு. அத்தை நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு மனு கொடுக்கப் போனார். "அந்த ரூட்ல கலெக்‌ஷன் இல்லம்மா" என்று பதில் வந்தது. ஒண்ணே முக்கால் மணிக்கு ஒரு பஸ் விட்டால் கலெக்‌ஷன் எப்படி வரும்? சனங்கள் ஷேர் ஆட்டோவில் போகிறார்கள். ஷேர் ஆட்டோவில் போவதால் பஸ்ஸில் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாததால் பஸ்ஸைக் குறைக்கிறார்கள். அதிகார வர்க்கத்தின் தர்க்கம் இப்படித்தான் தன் வாலைத் தானே கடிக்கும்.

ரோடு திட்டம் போடும்போது என்ன எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். சந்திப்பில் ஆளை உட்கார வைத்து வாகனங்களை எண்ணுவார்கள். ஒரு காரை 1 என்று வைத்துக்கொண்டு, மற்ற வண்டிகளை அதன் மடங்காகக் கணக்கிடுவார்கள். பஸ் ரெண்டு மூணு காருக்குச் சமம். அந்தப் பஸ்ஸுக்குள் அறுபது பேர் நெருக்கியடித்து நிற்பது கணக்கில் வராது. பஸ்ஸுக்காக ஓரத்தில் நிற்கிறவள் கணக்கிலேயே இல்லை. எண்ணப்படாதவர்களுக்காக எவனும் நடைபாதை போட மாட்டான். மக்கள்தொகைக் கணக்கிலும் ஓட்டர் லிஸ்டிலும் நாம் இருக்கிறோம், ரோட்டுக் கணக்கில் இல்லை.

பாதை எங்கே போக வேண்டும் என்பதிலும் ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். பறக்கும் ரயில் 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 1997-இல் மயிலாப்பூர், 2004-இல் திருவான்மியூர், 2007-இல் வேளச்சேரி என்று நீண்டது. பெரும்பகுதி பக்கிங்ஹாம் கால்வாயின் மேலேயே தூண் நட்டுக் கட்டினார்கள். ஏன் கால்வாய்? புறம்போக்கு. பட்டா இல்லாதவர்கள் இருக்கிற இடம். நஷ்டஈடு பெரிதாகத் தர வேண்டாம், கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு மிச்சம் 5 கிலோமீட்டர், 2008-இல் வேலை தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டர் பட்டா நிலத்துக்காரர்கள் நஷ்டஈடு போதாது என்று வழக்குப் போட்டார்கள். அந்த அரைக் கிலோமீட்டரில் ரயில் பாதை பத்து வருசத்துக்கு மேல் நின்றது. அவர்கள் கேட்டது தவறு என்று நான் சொல்லவில்லை. பட்டா வைத்திருந்தவன் ரயிலையே நிறுத்த முடிந்தது. கால்வாய்க் கரையில் மூன்று தலைமுறையாக இருந்தவள் தன் பானை சட்டியை எடுக்கக்கூட அவகாசம் கேட்க முடியவில்லை. இதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

பட்டா என்று சொன்னதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையால்தான், 1892-இல் நமக்கென்று நிலம் ஒதுக்க வெள்ளை அரசாங்கம் உத்தரவு போட்டது. அந்தப் பஞ்சமி நிலத்தின் பிறப்பிடம் இன்றைக்குச் சென்னை வீங்கிப் பரவியிருக்கிற இதே செங்கல்பட்டுச் சீமை. ரோடு அகலமாக அகலமாக மண் விலை ஏறியது. விலை ஏற ஏற நம் நிலத்தின் மேல் கண் விழுந்தது. 1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மேல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். நிலத்தைப் பறிகொடுத்த சனமும், நகரத்திலிருந்து விரட்டப்பட்ட சனமும் ஒரே மாவட்டத்தின் மண்ணில்தான் சந்தித்துக்கொண்டார்கள்.

2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் உள்ளே வந்தன. பெரும்பாக்கம் வெளியே ஊராட்சியாகவே விடப்பட்டது. நகரத்திலிருந்து ஏற்றிக்கொண்டு போன சனத்தை நகரத்தின் எல்லைக்கு வெளியே இறக்கிவிட்டார்கள். பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் திட்டமிட ஒரு குழுமம் அமைக்க 2010-இலேயே சட்டம் போட்டார்கள். அதன் முதல் கூட்டம் நடந்தது 2022-இல். இடையில் பன்னிரண்டு வருசம். ஒன்பதாங் கிளாஸில் நின்ற பெண்ணுக்குக் கல்யாணமாகிக் குழந்தையே பள்ளிக்கூடம் போகிற காலம் அது. பாரிமுனையில் இருந்த வெளியூர்ப் பஸ் நிலையம் 2002-இல் கோயம்பேட்டுக்குப் போனது. அங்கிருந்து 2023 கடைசியில் கிளாம்பாக்கத்துக்குப் போனது. திறந்தபோது அங்கே ஒரு ரயில் நிலையம்கூட இல்லை. ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் இருக்கிறவன் மூட்டையோடு ஊருக்குப் போக, முதலில் நகரத்தின் மறுகோடிக்குப் போக வேண்டும்.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று வந்தது. அத்தை மாதிரி பெண்கள் கையில் மாதம் சில நூறு ரூபாய் நின்றது. வெறும் கூலிக்காரி அந்தக் காசின் அருமையை அறிவாள். 2022-இல் ஒரு அமைச்சரே மேடையில் "ஓசி" என்று சொன்னபோது அவர்களுக்கு வலித்தது. கார் போக ஆறுவழிச் சாலை போட்டுக் கொடுத்ததை எவனும் ஓசி என்று சொன்னதில்லை. ஆனால் இலவசம் என்பது பஸ் வந்தால்தான் இலவசம். வராத பஸ்ஸுக்கு டிக்கெட் எவ்வளவாக இருந்தால் என்ன?

அமெரிக்காவின் மாண்ட்கோமெரியில் கறுப்பு மக்கள் 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள் பஸ்ஸைப் புறக்கணித்து, விரும்பிய இருக்கையில் உட்காரும் உரிமையை வென்றார்கள். 1971-இல் அட்லாண்டா நகரத்தின் பஸ், ரயில் திட்டத்தில் சேர்வதா என்று ஓட்டெடுத்தபோது, வெள்ளையர் குடியேறிய புறநகர் மாவட்டங்கள் இரண்டு வேண்டாம் என்று ஓட்டுப் போட்டன. இருக்கையைத் தடுக்க முடியாதபோது பாதையைத் தடுத்தார்கள். நம் கதையும் அதேதான். தெருவில் நட என்று அரசாணை வாங்கினோம், பஸ்ஸில் ஏறினோம். இப்போது பஸ் வராத இடத்தில் வீடு.

வீட்டுச்சாவி கொடுக்கும் நாளில் முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுக்கச் சொல்வோம். எழுதிக் கொடுக்காத இடத்துக்குப் போக மாட்டோம் என்று சொல்வோம். ரோட்டில் ஆளை உட்கார வைத்து எண்ணுகிறார்களே, அதேபோல நாமும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, காலை நாலரை மணிக்கு ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுவோம். அத்தை இப்போதும் நாலரைக்கு எழுந்துவிடுகிறார். எண்ணுவதற்கு அவர் தயார்.