கை மாறிய பிரெஞ்சு இயந்திரம்

1905-ல் திருச்சியில் ஒரு பழைய புரொஜெக்டர் விலைக்கு வந்தது. விற்றவர் டூபான் என்ற பிரெஞ்சுக்காரர். இலங்கையில் படம் காட்டிவிட்டு இந்தப் பக்கம் வந்தவருக்கு உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தார். வாங்கியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூர்க்காரர், வயது 22, தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளர். படச்சுருள்களோடு சேர்த்து விலை சுமார் 2,000 ரூபாய். அப்போது அவருடைய சம்பளம் மாதம் 25 ரூபாய் என்பார்கள். கிட்டத்தட்ட ஏழு வருடச் சம்பளம்!

இதை அசட்டுத் துணிச்சல் என்று நான் நினைக்கவில்லை. இயந்திர வரைபடங்களோடு புழங்கியவருக்கு, எந்தப் பல் எதை இழுக்கிறது என்று பார்த்ததும் பிடிபட்டிருக்கும். புரொஜெக்டரின் சூட்சுமமும் அதுதான். படச்சுருள் ஒரே சீராக ஓடினால் திரையில் வெறும் கலங்கல்தான் தெரியும். ஒவ்வொரு படமும் விளக்கின் முன்னால் ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும், அடுத்த கணம் நகர வேண்டும். நகரும்போது ஷட்டர் வெளிச்சத்தை மறைக்க வேண்டும். மௌனப் படக் காலத்தில் இது நொடிக்கு 16 முறை, அதற்குச் சற்று முன்பின்னாக, கையால் சுற்றிச் சுற்றி நடந்தது. மின்சாரம் எட்டாத ஊர்களில் ஆக்சிஜன், ஹைட்ரஜன் வாயுக்களை எரித்து, அந்தத் தீயில் சுண்ணாம்புக் கட்டியைப் பழுக்கக் காய்ச்சி வெளிச்சம் எடுப்பது அக்கால வழக்கம். ஃபிலிமோ நைட்ரேட். சூடு பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

இப்படிப்பட்ட சரக்கோடுதான் வின்சென்ட் ரயில்வே வேலையை விட்டுவிட்டுக் கூடாரம் போட்டார். டூபானிடமிருந்து வந்த ஏசுநாதர் படம் திருச்சியில் ஓடியது. பிறகு இயந்திரத்தோடு ஊர் ஊராக வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும், கடல் தாண்டி பர்மா, மலேயா வரைக்கும் போனார். விற்றவர் பிரெஞ்சுக்காரர் என்றாலும் கம்பெனிக்கு எடிசன் பெயரை வைத்தார். 1909-ல் சென்னை எஸ்பிளனேடில் அவர் கூடாரம் நின்றது. 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகை எழுந்தது. அந்தப் பெயரில் இன்றும் அங்கே ஒரு சாலை இருக்கிறது. பழைய இயந்திரம் வாங்கித் தொழில் தொடங்கியவர், பின்னாளில் பாத்தே கம்பெனி புரொஜெக்டர்களைத் தென்னாட்டில் விற்கும் முகவராகவும் ஆனார்.

அதே பாத்தேதான் 1922-ல் 9.5 மில்லிமீட்டர் சுருளோடு புரொஜெக்டரை வீட்டுக்குள் கொண்டுவந்தது. எளிதில் தீப்பிடிக்காத ஃபிலிம் வந்ததால்தான் இது நடந்தது. அடுத்த வருடமே கோடக்கின் 16 மில்லிமீட்டர் வந்தது. 1932-ல் 8 மில்லிமீட்டர், 1965-ல் சூப்பர் 8. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாம் சின்னச் சின்னச் சுருள்களாக அலமாரியில் ஏறின. வீடியோ கேசட் வந்த பிறகு புரொஜெக்டர்கள் பரணுக்குப் போயின. அவற்றில் சில இப்போது மறுபடி விலைக்கு வருகின்றன.

ஆந்திராவின் நாகலாபுரத்திலிருந்து சென்னைக்குப் போய் அப்படி ஒன்றை வாங்க நினைப்பவருக்கு என்ன சொல்வேன்? பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். போலெக்ஸ், யூமிக், பெல் அண்ட் ஹவல் எல்லாமே நல்ல பெயர்கள்தான். ஆனால் பெல் அண்ட் ஹவலின் பிற்கால 16 மில்லிமீட்டர் மாடல்கள் பலவற்றில் உள்ளே ஒரு பிளாஸ்டிக் வார்ம் கியர் உண்டு. வயதாக ஆக அது விரிசல் விடும். அதை மாற்றியாயிற்றா என்று கேட்காமல் காசை எடுக்காதீர்கள். ரப்பர் பெல்ட்டும் சக்கரமும் இறுகிப் போயிருக்கலாம். அது பெரிய குறை இல்லை, மாற்றிக்கொள்ளலாம். விளக்கு கிடைக்குமா என்பதுதான் பெரிய கேள்வி. சில மாடல்களின் விளக்கு எங்கு தேடினாலும் கிடைக்காது. 110 வோல்ட் இயந்திரத்தை நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் முதல் நாளே முடிந்தது கதை. 8-ம் சூப்பர் 8-ம் ஒரே அகலம்தான், ஆனால் ஓரத்துத் துளைகள் வேறு. ஒன்றுக்கான இயந்திரத்தில் மற்றதை ஓட்டினால் சுருள் கிழியும்.

நாகலாபுரம் வேதநாராயண சுவாமி கோயிலில் மார்ச் மாதக் கடைசியில் நடக்கும் சூரிய பூஜையைப் பார்த்தவர்களுக்கு ஒன்றைச் சுலபமாகச் சொல்லலாம். மாலை வெயில் வாசல்களைக் கடந்து நேராக உள்ளே போய் ஒரு நாள் சுவாமியின் பாதத்திலும், மறுநாள் நாபியிலும், அதற்கு மறுநாள் சிரசிலும் விழுகிறது. எல்லா வாசலும் ஒரே கோட்டில் இருப்பதால்தான் அது முடிகிறது. புரொஜெக்டரிலும் விளக்கு, அதன் ஒளியைக் குவிக்கும் கண்டென்சர், ஃபிலிம் நின்று நகரும் கேட், லென்ஸ் நான்கும் அப்படி ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஃபிலிம் போடாமல் விளக்கை மட்டும் ஏற்றிச் சுவரில் அடித்துப் பாருங்கள். நான்கு மூலையும் சமமாக வெளுத்திருந்தால் நம்பலாம். ஒரு பக்கம் இருண்டிருந்தால் யாரோ கழற்றித் தப்பாக மாட்டியிருக்கலாம்.

அடுத்து மோட்டாரைப் போடாமல், கையால் சுற்றும் குமிழ் இருந்தால் அதைத் திருப்பிப் பாருங்கள். கேட்டின் துவாரத்தில் குட்டிக் கொக்கி ஒன்று எட்டிப் பார்க்கும், கீழே இழுக்கும், உள்ளே போகும், மறுபடி மேலே வரும். ஃபிலிமின் துளையில் மாட்டி இழுப்பது அதுதான். அதன் நுனி தேய்ந்தோ வளைந்தோ இருந்தால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த இயந்திரம் வேண்டாம்.

வாங்கியாயிற்று என்றால், அப்பா அம்மா கல்யாணச் சுருளை முதலில் மாட்டாதீர்கள். ஒன்றுக்கும் உதவாத பழைய துண்டு ஒன்றை ஓட்டி, கீறல் விழுகிறதா என்று பாருங்கள். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் சுருள் கெடத் தொடங்கிவிட்டது. அதைப் புரொஜெக்டரில் ஏற்றாமல் உடனே டிஜிட்டல் பிரதி எடுக்கக் கொடுங்கள். இதையெல்லாம் தள்ளிப் போடாதீர்கள். அந்தப் படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே ஓட்டிக் காட்டிப் பெயர்களை எழுதி வையுங்கள்.