பச்சை வாடை: கரிசல் நாட்டுப் பருத்திக்கொட்டையும் ஆண் கருவளமும்

குமாரலிங்கபுரம், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசலில் பருத்தி துணிக்கு மட்டும் உரியதன்று. பஞ்சு பிரிந்தபின் கொட்டையில் ஒரு பங்கு மாட்டுக்கும் ஒரு பங்கு அடுப்படிக்கும் போகும். பருத்திப்பால் உடம்புக்குப் பலம் என்பது ஊர்ப்பேச்சு. விந்தைப் பெருக்கும் என்பது சித்த மரபு. அதே கொட்டையிலிருந்துதான் நவீன மருந்தியல் விந்தணு உற்பத்தியை நிறுத்தும் பொருளைப் பிரித்தெடுத்தது. இரண்டில் ஒன்று பொய்யாக வேண்டியதில்லை. இரு தரப்பும் பொருளைப் பார்த்த அளவுக்குப் பக்குவத்தைப் பார்க்கவில்லை என்பதே என் வாதம்.

1950களில் சீனாவின் ஜியாங்சு, ஹெபெய் மாநிலங்களில், பருத்தி விளையும் சில கிராமங்களில் பிள்ளைப்பேறு குறைந்துபோனது. சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயில் அவ்வூர்கள் சமைத்துவந்தன. கொட்டையைச் சூடாக்காமல் பச்சையாகவே ஆட்டியெடுத்த எண்ணெய் அது. காரணப்பொருள் காஸிபோல் என்னும் மஞ்சள் நிறமி. பூச்சியிடமிருந்து செடி தன்னைக் காத்துக்கொள்ள, கொட்டையின் கரும்புள்ளிச் சுரப்பிகளில் அதைச் சேர்த்துவைக்கிறது. உருவாகிவரும் விந்தணுவின் மைட்டோகாண்டிரியாவை அது சிதைக்கிறது. எண்ணிக்கையும் நகரும் திறனும் வீழ்கின்றன. 1970களில் சீனர்கள் இதையே ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாக்கி 8,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தனர். மாத்திரை வேலை செய்தது. ஆனால் சிலருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து கைகால் தளர்ந்தது. மாத்திரையை நிறுத்திய பின்னும் சிலருக்கு விந்தணு திரும்பவேயில்லை. உலக சுகாதார நிறுவனம் 1998-இல் இம்முயற்சி வேண்டாம் என்றது.

அச்சோதனையில் தொடக்க அளவு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். கொட்டைப் பருப்பில் காஸிபோல் 1 சதவீதம் என்று கொண்டால் 2 கிராம் பருப்பிலேயே அந்த அளவு அடங்கிவிடும். அப்படியானால் தலைமுறை தலைமுறையாகப் பருத்திப்பால் குடித்த ஊர்கள் எப்படித் தழைத்தன?

விடை அடுப்படியில் இருக்கிறது. கொட்டையை இரவு முழுக்க ஊறவைத்து, ஆட்டி, துணியில் பிழிந்து பாலெடுக்கிறார்கள். அரிசிமாவைக் கரைத்துவிட்டு, அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே கொதிக்கவைத்து, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், தேங்காய்ப்பூ சேர்க்கிறார்கள். 'பச்சை வாடை போயிருச்சா?' என்று மூத்தவள் கேட்டு, முகர்ந்து பார்த்த பிறகே பாத்திரம் இறங்கும். வேதியியல் நோக்கில் ஒவ்வொரு படிக்கும் பொருள் உண்டு. தண்ணீர் பட்டால் நிறமிச் சுரப்பி வெடிக்கும். வெளிவரும் காஸிபோல், சூட்டில் புரதத்தின் லைசினோடு பிணைந்துகொள்ளும். பிணைந்தது உடலில் எளிதில் சேராது. புண்ணாக்கின் நச்சைக் குறைக்கத் தீவன ஆலைகள் ஈரத்தையும் வெப்பத்தையும் நம்புவதும் இதனால்தான். எனினும் பிணைவது எல்லாமும் அல்ல. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மனிதர் உண்ணும் பருத்திக்கொட்டைப் பொருளில் பிணையாத காஸிபோலுக்கு 450 பிபிஎம் வரம்பு வைத்திருக்கிறது. நம் தெருவண்டிப் பருத்திப்பாலையும் அப்படி அளந்து பார்ப்பது நம் ஆய்வுக்கூடங்களின் கடமை. முகர்வு நல்ல வழிகாட்டிதான், அளவுகோல் ஆகாது.

மாடு தின்று நலமாயிருக்கிறதே என்ற வாதமும் முழுமையன்று. அசைபோடும் வயிறு காஸிபோலைப் பிணைத்துவிடுவதால்தான் அது தாங்குகிறது. கன்றுக்கு அந்த வயிறு இன்னும் வளர்ந்திருக்காது. அளவு மீறித் தின்ற இளங்காளைகளின் விந்தணுவில் குறைபாடு கண்ட ஆய்வுகள் உண்டு.

இன்று என்னை உண்மையில் கவலைப்படுத்துவது பருத்திப்பால் அல்ல, 'செக்கில் ஆட்டியது, சுத்திகரிக்காதது' என்றாலே நல்லது என்னும் நம்பிக்கை. எள்ளுக்கும் கடலைக்கும் அது பொருந்தலாம், பருத்திக்கொட்டைக்குப் பொருந்தாது. காரம் சேர்த்துச் சுத்திகரிப்பதுதான் இந்த எண்ணெயிலிருந்து காஸிபோலை நீக்குகிறது.

பிள்ளையில்லாத வீட்டில் முதல் கேள்வி இன்றும் பெண்ணிடமே போகிறது. குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதிக்கு ஆண் தரப்புக் காரணமும் உண்டு. ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாளும், முதிர்ந்து வெளிவர மேலும் சில நாளும் ஆகின்றன. ஆகவே மருத்துவர் கணவரிடம் நேற்றைய சாப்பாட்டைக் கேட்டால் போதாது. மூன்று மாதத்துக்கு முன்பிருந்தே வீட்டில் என்ன எண்ணெய், எங்கே ஆட்டியது, கொட்டையை வறுத்தார்களா என்றும் கேட்க வேண்டும்.