கொதிக்கும் கல்

மலேசியாவின் கோலா தெர்லாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் என் அப்பா டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளினார். சூடு மிஞ்சிப் போனால் தூளின் மேல்பக்கம் காய்ந்து இறுகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். அப்படி ஆன தூள் சீக்கிரம் கெட்டுவிடும். "மேல வெந்து உள்ள வேகல" என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவார். வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். சியோலைட் என்ற கனிமத்தைப் பற்றிப் படிக்கும்போது இன்றும் அந்தத் திட்டுதான் காதில் கேட்கிறது.

1756இல் சுவீடனில் ஆக்சல் கிரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தை ஊதுகுழல் தீயில் காட்டினார். கல் கொப்பளித்தது. உள்ளே ஒளிந்திருந்த நீர் செய்த கூத்து அது. கிரேக்கத்தில் 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும்படி சியோலைட் எனப் பெயரிட்டார்.

சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன் மூன்றும் பின்னிய கூடு அது. துளைக்கு ஏற்ற மூலக்கூறு மட்டும் உள்ளே நுழையும், நுழைந்தது வேறொன்றாகி வெளியே வரும். 1960களில் பெட்ரோல் ஆலைகள் இந்த வினையூக்கியைப் பிடித்துக்கொண்டன. சென்னையில் படித்த பால் ரத்தினசாமி புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் இதில் பேர்பெற்றார்.

செயற்கையாகச் செய்யும் வழியை 1940களில் பிரிட்டனில் ரிச்சர்ட் பேரரும், 1949இல் அமெரிக்காவின் யூனியன் கார்பைடில் ராபர்ட் மில்டனும் திறந்துவிட்டார்கள். காரக் கூழைக் கலனில் அடைத்து, வெளியிலிருந்து சூடேற்றி, மணிக்கணக்கில், சில வகைகளுக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். முதலில் சூடாவது கலனின் சுவர். அப்பாவின் புகார் இங்கேயும் பொருந்தும்.

1988இல் மோபில் நிறுவனம் மைக்ரோவேவில் சியோலைட் படிகமாக்கக் காப்புரிமை பெற்றது. அடுத்த திருப்பம் 2012இல், லாங்ஜிங் தேநீருக்குப் பேர்போன ஹாங்சோ நகரில் (தேயிலை ஊர்க்காரி இதைச் சொல்லாமல் இருப்பேனா). ஜெஜியாங் பல்கலைக்கழகத்தில் ஷியாவ் ஃபெங்ஷோவின் குழு திடப்பொருள்களை மட்டும் அரைத்து, சொட்டு நீர் ஊற்றாமல், மூடிய கலனில் சூடாக்கிச் சியோலைட் எடுத்தது. சோடியம் சிலிக்கேட் படிகத்துக்குள் கட்டுண்ட நீரே போதுமானதாக இருந்தது. கலனுக்குள் அழுத்தம் குறைந்தது, காரக் கழிவுநீரும் குறைந்தது.

இத்தகைய திடக் கலவையைப் பிறகு மைக்ரோவேவிலும் வைத்துப் பார்த்தார்கள். அலை நேரே அந்தக் கொஞ்ச நீரையும் சோடியம் அயனிகளையும் பிடித்து உலுக்குகிறது. சூடு கலவைக்குள்ளேயே பிறக்கிறது, நேரம் வெகுவாகச் சுருங்குகிறது. குறை இல்லாமல் இல்லை. ஈரப் பொருளுக்குள் அலை சில சென்டிமீட்டர்தான் போகும், அதனால் பெரிய கலன் என்றால் தகராறு.

வீட்டுக்கு மைக்ரோவேவ் வாங்கியபோது அப்பாவுக்கு அதில் சோற்றைச் சூடாக்கிக் கொடுத்தேன். நடுவில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இதுலயும் உள்ள சில்லுனுதானே இருக்கு?"