நீலகிரிப் படகரின் இறுதிநேர வழக்கங்கள்

நீலகிரி மலைகளில் வேளாண் குடிகளாக வாழ்ந்துவரும் படகரிடையே, சாவை எதிர்நோக்கி இருப்பவரைத் தனித்துவிடாமல், அவருடைய கடைசிப் பயணத்துக்கு உற்றார் கூடி ஆயத்தம் செய்யும் மரபு முற்காலத்தில் வேரூன்றியிருந்தது. உயிர் பிரியும் தறுவாயில் வீரராய பணம் எனப்படும் மிகச் சிறிய பொற்காசை நெய்யில் தோய்த்து விழுங்கக் கொடுத்ததையும், விழுங்க இயலாதவருக்கு அதைக் கையில் கட்டியதையும், 1909இல் வெளிவந்த தென்னிந்தியக் குலங்கள் பற்றிய ஏழு தொகுதி நூலில் எட்கர் தர்ஸ்டன் எடுத்துரைக்கிறார். நெய் வழிநடைக்கு வலுவூட்டும் என்றும், பொன் மறுமையின் ஆற்றுப்பாலத்தைக் காப்பவனுக்குக் கூலியாகும் என்றும் அவ்வழக்கத்துக்கு 1871ஆம் ஆண்டிலேயே நாட்டார் பாடல் தொகுப்பாளர் சார்லஸ் கோவர் பொருள் கூறியிருந்தார்.

இறந்தபின் நிகழும் ‘கரு ஹரசுதல்’ என்னும் சடங்கில், மூத்தவர் ஒருவர் மனிதர் செய்யக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, கூடியிருப்போர் அதைப் பின்பற்றி ஒலிப்பர். பழைய வழக்கில் அப்பாவங்கள் ஒரு கன்றின்மீது ஏற்றப்பட்டு, அது வேலை வாங்கப்படாமல் விடுவிக்கப்பட்டது. எல்லை வேலியை நகர்த்தியது, அயலாரின் விளைச்சல் கண்டு பொறாமைப்பட்டது போன்ற அன்றாடக் குற்றங்களும் அப்பட்டியலில் இடம்பெற்றதால், அச்சடங்கு இறந்தவருக்கு மன்னிப்பையும் இருப்பவருக்கு அறவுரையையும் ஒருங்கே வழங்கியது.

அண்டை மலைக்குடியினரான தோடரோ, 1906இல் மானிடவியலாளர் ரிவர்ஸ் விவரித்தவாறு, உடலை எரிக்கும் முதற்சடங்கையும் எஞ்சியவற்றுக்கான இரண்டாம் சடங்கையும் இடைவெளிவிட்டு நடத்தித் துயரத்துக்குக் கால அவகாசம் அளித்தனர். சாவைத் தனிமனிதரின் சுமையாக்காமல் ஊரே பகிர்ந்துகொண்ட இவ்வறிவு, மருத்துவமனை அறைக்குள் மரணம் ஒடுங்கிவரும் இக்காலத்துக்கும் மிகவும் தேவையானதாகும்.