பாட்டன் விருந்தாளியானது எப்படி?

கோடை விடுமுறையில் அயல் மாநிலத்திலிருந்து தாத்தாவும் பாட்டியும் வருகிறார்கள். பேரப்பிள்ளைகள் துள்ளிக் குதிக்கிறார்கள். பத்து நாள் தங்குகிறார்கள், பலகாரம் சுடுகிறார்கள், பழங்கதை பேசுகிறார்கள், பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். "பெரியவர்கள் வந்தார்கள், போனார்கள்" என்ற பேச்சோடு வீடு அமைதியாகிவிடுகிறது.

நாம் அமைதியாகிவிடலாமா? பெற்ற மகனின் வீட்டுக்குப் பாட்டன் ஏன் விருந்தாளியாக வரவேண்டும்? அவர் வாழும் மலை எப்போது அயல் மாநிலமாயிற்று? அதை ஆக்கியவர் யார்?

"எல்லாம் தலையெழுத்து" என்பார் வைதீகர். தலையில் எழுதப்பட்டதை நாம் கண்டதில்லை, கண்டவரையும் கண்டதில்லை. ஆனால் தாளில் எழுதப்பட்டதைக் காட்டமுடியும். எழுதியவர் யார், எழுதிய ஆண்டு எது, எழுதியதால் வாழ்ந்தவர் எவர், வாடியவர் எவர் என்று விரல்விட்டுச் சொல்லமுடியும். சொல்லிப் பார்ப்போம்.

பழனி வட்டத்துக் கீரனூரில் நின்று தெற்கே நோக்கினால் நீல நிற மதிலாக மலைத்தொடர் தெரியும். பழனியும் உடுமலையும் கடந்து, சின்னாற்றுச் சோதனைச் சாவடியையும் மறையூரையும் தாண்டி ஏறினால் மூணாறு, தேயிலை மலை! கீரனூர் போன்ற சமவெளி ஊர்களுக்கு அந்த மலையிலிருந்து இறங்கிவரும் முதியவர்களின் கதையே நாம் எடுத்துக்கொண்ட சரித்திரம்.

முதல் தாள், 1877ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் எழுதப்பட்ட குத்தகைப் பத்திரம். பாண்டிய மரபினர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட பூஞ்சாற்று அரசர், கண்ணன் தேவன் மலையில் ஏறத்தாழ 1,36,000 ஏக்கர் பரப்பை ஜான் டேனியல் மன்றோ என்னும் வெள்ளையரிடம் ஒப்படைத்தார். கைப்பணம் 5,000 ரூபாய்; ஆண்டு வாடகை 3,000 ரூபாய். மலை கைமாறிவிட்டது!

அதே காலத்தில் மலையின் இந்தப் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது? தாது வருஷப் பஞ்சம்! 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் கஞ்சிக்குக் கையேந்தி நின்றது. மானாவாரி நிலம் வெடித்துக் கிடந்தது, மாடு செத்தது, மனிதனும் செத்தான். அங்கே கேட்பாரற்ற காடு கைமாறியது. இங்கே கேட்பாரற்ற மக்கள் தெருவில் நின்றனர். காட்டைப் பெற்றவனுக்குக் கை தேவை. கை உள்ளவனுக்குக் கஞ்சி தேவை. இருவருக்கும் இடையே வந்து நின்றான் கங்காணி.

1880இல் பார்வதி என்னும் இடத்தில் ஏ.எச்.ஷார்ப் முதல் தேயிலைச் செடிகளை நட்டார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி அமைந்தது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், கோவைச் சீமைகளிலிருந்து மக்கள் மலையேறினர். ஏறியவரில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் கிணற்றில் நீர் மொள்ளும் உரிமைகூட மறுக்கப்பட்டவர்கள். கங்காணி நீட்டிய முன்பணம் அவர்களுக்குக் கற்பகத்தருவாகத் தெரிந்தது. வாங்கிய பிறகுதான் அது கால்விலங்கு என்று புரிந்தது.

அந்த விலங்கைப் பூட்டியதும் ஒரு தாள்தான். முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால் சிறைக்கு அனுப்பலாம் என்று 1859இல் பிரிட்டிஷ் இந்திய அரசு சட்டம் செய்தது. அதை நீக்கும் சட்டம் 1925இல்தான் வந்தது. கடன்பட்ட சீமானுக்குத் தவணை, கடன்பட்ட கூலிக்குச் சிறை! மனு எழுதாமல் விட்டதை மாட்சிமை தங்கிய துரைத்தனத்தார் எழுதி நிரப்பினார்கள்.

மலையுச்சியாம் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடம் அமைத்தனர். தேயிலைப் பெட்டிகள் அதிலே அந்தரத்தில் ஊர்ந்து போடிப் பக்கம் இறங்கின. குண்டளைப் பள்ளத்தாக்கில் சிறு ரயிலும் ஓடியது. 1924 ஜூலைப் பெருவெள்ளம் அதை அடித்துச் சென்றது. தேயிலைக்குக் கம்பிவடமும் ரயிலும்! தேயிலை பறிக்க வந்தவளுக்கோ காட்டுப்பாதை, இடுப்பில் குழந்தை, தலையில் மூட்டை! அப்படி ஏறியவள்தான் இன்று இறங்கிவரும் பாட்டியின் பாட்டி.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். மலை கொடுமையை மட்டுமே தரவில்லை. ஊரிலே ஆண்டைக்கு முன் துண்டை இடுப்பில் கட்டி நின்றவன், மலையிலே தன் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட கூலியைப் பெற்றான். பெண், தன் கையால் காசு வாங்கினாள். சாதி அவர்களோடு மலையேறியது உண்மை. ஆனால் ஊரில் இருந்த அளவு வலுவோடு ஏறமுடியவில்லை. இதனால்தான் பஞ்சம் தீர்ந்த பின்னும் மக்கள் மலையை விட்டு ஒரேயடியாக இறங்கிவிடவில்லை.

அடுத்த தாள், 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை நிர்வாகம் தரவேண்டும் என்றது. தொழிலாளர் இயக்கம் போராடிப் பெற்ற நன்மை; மறுப்பார் இல்லை. ஆயினும் அந்த நன்மைக்குள் ஒரு முள் இருந்தது. லயத்து வீடு வேலைக்குக் கட்டுண்டது. வேலை உள்ளவரைதான் வீடு. நாற்பது ஆண்டு கொழுந்து பறித்துக் கை காய்த்துப் போனவள் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் கூடையைத் தோளில் மாட்டினால் தங்கலாம். ஆக, ஒரு பிள்ளை படிப்பைவிட்டு மலையில் நிற்கிறது, பெற்றோரின் கூரைக்காக! மற்றப் பிள்ளைகள் நூற்பாலைக்கும் கடைக்கும் கட்டட வேலைக்கும் சமவெளிக்கு இறங்குகின்றனர். கூட்டுக் குடும்பம் கலைந்துவிட்டதே என்று மேடையில் கண்ணீர் வடிக்கும் பண்பாட்டுக் காவலர்களே, கலைத்தது நாகரிகமா, நான்கு சுவர் பற்றிய நிபந்தனையா?

இறுதித் தாள், 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நடப்புக்கு வந்த மாநிலச் சீரமைப்பு. திருவிதாங்கூர்த் தமிழ்ப் பகுதிகளுக்காக நேசமணி போன்றோர் தலைமையில் கிளர்ச்சி நடந்தது. 1954 ஆகஸ்ட் 11இல் துப்பாக்கிச் சூட்டுக்கும் உயிர்கள் பலியாயின. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் சேரவில்லை. தேவிகுளத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மையினர். ஆனால் அவர்கள் வந்துபோகும் கூலிகள் என்று வாதிடப்பட்டது. மூன்று தலைமுறை எலும்பை உரமாக்கியவர் 'வந்துபோகிறவர்'! அவர் நட்ட செடி மட்டும் நிலையானது!

அன்றிரவு உறங்கச் சென்ற பாட்டன் அதே லயத்தில், அதே கம்பளியில் கண்விழித்தார். அவர் ஓரடியும் நகரவில்லை. அவருக்காகக் கோடும் நகரவில்லை, அவர் அயல் மாநிலத்தாராகவே நின்றார். அங்கே 'பாண்டிக்காரன்', இங்கே 'மலையாளத்துத் தாத்தா'!

மலையாளி உழைப்பாளியை நாம் இதற்காகப் பகைக்கவேண்டியதில்லை. 1924இல் வைக்கத்துத் தெருவில் நடக்கும் உரிமைக்காக ஈரோட்டிலிருந்து சென்று இருமுறை சிறைபுகுந்தவர் பெரியார். நீதிக்கு எல்லைக்கோடு கிடையாது என்பதை அன்றே நாம் கற்றோம். நமது வழக்கு, உழைத்தவனைக் கணக்கில் சேர்க்காத தாளோடுதான்.

கடல் கடந்தவன் கதை இதனினும் கொடிது. 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்! அதே ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அண்ணன் அங்கே, தம்பி இங்கே, தாய் இரண்டுக்கும் நடுவில். மூணாற்றுப் பாட்டனுக்குப் பஸ் டிக்கெட் போதும். மலையகப் பாட்டனுக்குக் கடவுச்சீட்டு வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்துக் கொடைக்கானல் மலையிலேயே தாயகம் திரும்பியோர் குடும்பங்களைக் காணலாம்.

பழைய கதை என்று தள்ள முடியுமா? 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள், 20 விழுக்காடு போனசும் நாளுக்கு 500 ரூபாய்க் கூலியும் கேட்டுத் தெருவில் அமர்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று அந்த எழுச்சிக்குப் பெயர். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தலைவர்களை ஒதுக்கிவைத்துத் தாமே பேசினார்கள். 20 விழுக்காட்டைப் பெற்றார்கள். 2020இல் கொள்ளைநோய்க்காக எல்லை மூடப்பட்டபோது தாத்தா பாட்டியின் வருகைக்கு அரசின் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு இராசமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்தது, லயங்கள் புதைந்தன, 70 பேர் மாண்டனர். குழந்தை முதல் முதியவர் வரை ஒரே மண்ணுக்குள்! வேலைக்குக் கட்டுண்ட வீடு சாவுக்கும் கட்டுண்டது.

நண்பர்களே, பழனிக்கு வரும் யாத்திரிகரைக் கணக்கெடுப்போர் உண்டு. தானம் கொடுத்தவன் பெயர் கல்லில் உண்டு. கல் சுமந்தவன் பெயர் இல்லை. தேயிலைப் பெட்டியில் கம்பெனியின் பெயர் உண்டு. கொழுந்து கிள்ளியவள் பெயர் இல்லை. அவள் பெயர் எங்கே இருக்கிறது? வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை மடிக்கிறதே, அந்த அப்பத்தாவின் நினைவில் இருக்கிறது!

அவரிடம் நாம் என்ன கேட்கிறோம்? பேய்க் கதை கேட்கிறோம். சாமியாடிய கதை கேட்கிறோம். இனி வேறு கேட்போம். "அப்பத்தா, உங்களை மலைக்கு அழைத்துப்போன கங்காணி யார்? கையில் கொடுத்த முன்பணம் எவ்வளவு? காலைப் பெரட்டில் யார் பெயரை முதலில் கூப்பிடுவார்கள்? நிறுவையில் எத்தனை கிலோவைத் தண்ணீர்க் கழிவு என்று கழித்தார்கள்? பிள்ளை பெற்ற எத்தனையாம் நாள் கூடை எடுத்தீர்கள்?" கேட்டதை அன்றே எழுதி வைப்போம், பெயரும் ஆண்டும் ஊரும் சேர்த்து எழுதுவோம்.

எளியோர் தெருவும் எழுத்தாகும் என்பதற்கு வெளியூர் தேடவேண்டாம். கீரனூர் என்ற ஊர்ப்பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஜாகிர்ராஜா, 'மீன்காரத் தெரு' நாவலில் ஏழை முஸ்லிம் மக்களின் வாழ்வை எழுதிக் காட்டினார். தெருவுக்கு ஓர் எழுத்தாளர் கிடைத்தார். லயத்துக்கு நாமே எழுத்தராகலாம். அதற்குப் பட்டம் வேண்டாம். ஒரு நோட்டும் ஒரு பேனாவும் பொறுமையுள்ள காதும் போதும்.

அந்தக் குறிப்புகள் வெறும் நினைவுச் சின்னமாக நின்றுவிடக் கூடாது. ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தக் கூரை வேண்டும் என்று கேட்பதற்கு அவையே சான்றுப் பத்திரம். தாளால் இழந்ததைத் தாளால்தான் கேட்கவேண்டும். பத்து நாள் தங்க வந்திருக்கிறார்கள் முதியவர்கள். ஐந்து நாள் போய்விட்டது. நோட்டை எடுங்கள்!