நாற்பது வரித் தாள்

அமெரிக்கப் பொதுநூலகங்களில் குடும்ப வரலாறு தேடுவதற்கென்றே இலவச வகுப்புகள் நடக்கின்றன. வருபவர்களில் ஓய்வு பெற்றவர்களே அதிகம். கையில் பழைய திருமணச் சான்றிதழோ, பின்புறம் பெயர் எழுதாத போட்டோவோ இருக்கும். அவர்கள் முதலில் படிக்கக் கற்கும் ஆவணங்களில் ஒன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள். அதிலும் 1940-இன் தாளுக்குத் தனி மவுசு உண்டு. ஆனால் அந்தத் தாள் எவருடைய தாத்தாவையும் தேடித் தருவதற்காகப் பிறந்ததல்ல. அரசாங்கம் தன் தேவைக்குச் செய்தது அது. அரசின் வேலை முடிந்ததும் பூட்டி வைக்கப்பட்டு, 72 ஆண்டுகள் கழித்தே குடும்பங்களின் கைக்கு வந்தது.

1940 ஏப்ரலில் சுமார் 1,20,000 கணக்கெடுப்பாளர்கள் அந்த அகலத் தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஒரு பக்கத்துக்கு 40 வரிகள், வரிக்கு ஓர் ஆள். பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, வயது, இனம், எதுவரை படித்தார், எங்கே பிறந்தார், என்ன வேலை என்று 34 கட்டங்கள் குறுக்கே ஓடும். ஏப்ரல் 1 அன்று உயிரோடு இருந்தவர்களுக்கே வரி. மறுநாள் பிறந்த குழந்தைக்கு இடமில்லை. மறுநாள் இறந்தவருக்கு இடம் உண்டு. ஒரு வயது நிரம்பாத பிள்ளையின் வயதைப் பன்னிரண்டில் இத்தனை பங்கு என்று பின்னமாக எழுதினார்கள். பக்கத்துக்கு இரண்டு வரிகளில் விழுந்தவர்களிடம் மட்டும் கூடுதல் கேள்விகள் கேட்டார்கள்: அப்பா அம்மா பிறந்த நாடு எது, சிறுவயதில் வீட்டில் பேசிய மொழி எது என்று. பாட்டியின் பெயர் அந்த வரியில் விழுந்திருந்தால் பேரனுக்கு அதிர்ஷ்டம். ஒரு வரி தள்ளி விழுந்திருந்தால் போச்சு.

பெயர்களில் சிலவற்றுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அந்த வீட்டில் வாசலில் நின்று பதில் சொன்னவர் அவர்தான் என்று அதற்குப் பொருள். முந்தைய கணக்கெடுப்புகளில் இந்த வசதி இல்லை. என்னைக் கேட்டால் அந்தத் தாளிலேயே விலை மதிப்பற்றது இந்தக் குறிதான். மாமனாரின் வயதை மருமகள் குத்துமதிப்பாகச் சொன்னாளா, அவரே சொன்னாரா என்பது தெரிந்துவிடும். அரசு ஆவணத்தில் இருப்பதெல்லாம் வேதவாக்கு என்று நம்பி வருபவர்களை இந்தக் குறியைக் காட்டித்தான் நூலகர்கள் தெளிய வைக்கிறார்கள்.

அந்த ஆண்டு புதிதாகச் சேர்த்த கேள்வி சம்பளம். 1939-இல் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று முன்பின் தெரியாத ஆள் வாசலில் வந்து கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? நியூ ஹாம்ப்ஷயரின் செனட்டர் சார்லஸ் டோபி இதை எதிர்த்துப் பெரிய பிரசாரமே செய்தார். கடைசியில் ஒரு சமரசம் வந்தது. விருப்பமில்லாதவர்கள் தனிப் படிவத்தில் எழுதி, உறையில் ஒட்டி அனுப்பிவிடலாம். அப்படிச் செய்தவர்களின் வரியில் சம்பளம் இருக்காது, ‘சி’ என்ற எழுத்து மட்டும் இருக்கும். 5,000 டாலருக்கு மேல் வாங்கியவர்களுக்கு ‘5,000-க்கு மேல்’ என்பதோடு சரி. பணக்காரத் தாத்தாவின் உண்மையான வருமானத்தை அறிய வந்தவர்கள் ஏமாந்து போவார்கள்.

இனம் என்ற கட்டத்தில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. இந்தியாவிலிருந்து போனவர் யாராக இருந்தாலும் அங்கே ‘இந்து’ என்பதன் சுருக்கத்தைத்தான் எழுத வேண்டும். கலிபோர்னியாவில் பழத்தோட்டங்களில் உழைத்த பஞ்சாபி சீக்கியரும் இந்து, கப்பலிலிருந்து இறங்கி நியூயார்க்கில் தங்கிவிட்ட வங்காள முஸ்லிமும் இந்து. அந்தக் கணக்கில் நாடு முழுவதும் 2,405 பேர்தான். விவேக் பால்ட் 2013-இல் வெளியிட்ட ‘பெங்காலி ஹார்லெம்’ புத்தகம் இப்படிப்பட்ட தாள்களிலும் கப்பல் பதிவுகளிலும் துழாவி எடுத்த வரலாறு. ஹூக்ளிப் பக்கத்திலிருந்து பூவேலைத் துணிகளைச் சுமந்துபோய் விற்ற வியாபாரிகள் நியூ ஆர்லியன்ஸில் குடும்பம் நடத்தியதை வேறு எந்தச் சரித்திரமும் எழுதி வைக்கவில்லை. கணக்கெடுப்பாளர்தான், தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே எழுதி வைத்தார்.

தாள்கள் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தன. அங்கே எழுத்தர்கள் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு குறியெண்ணைத் தாளிலேயே எழுதினார்கள். புதிதாகப் படிப்பவர்கள் அந்த எண்களைப் பார்த்துத் திகைப்பதுண்டு; அவை இயந்திரம் எண்ணுவதற்கான துளை அட்டைகளுக்காக எழுதப்பட்டவை, குடும்பத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. துளை அட்டைகள் தயாரானதோடு தாளின் வேலை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

கணக்கெடுப்பில் பதில் சொல்வதால் எவருக்கும் எந்தத் தீங்கும் வராது என்று அதிபர் ரூஸ்வெல்ட் 1940 பிப்ரவரியில் பிரகடனமே செய்திருந்தார். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட சில நாட்களுக்குள், ஜப்பானிய வம்சாவளியினர் எங்கெங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு அதே அட்டைகளிலிருந்து வெளிவரத் தொடங்கியது. மேற்குக் கடற்கரையில் தெருவட்டம் வாரியாக எண்ணிக்கை ராணுவத்துக்குப் போனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 2000-இல் கணக்கெடுப்புத் துறையின் இயக்குநர் கென்னத் பிரூவிட் இதற்கு மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் தனிநபர்களின் பெயரை யாருக்கும் கொடுக்கவில்லை என்றே துறை சொல்லி வந்தது. 2007-இல் வில்லியம் செல்ட்சர், மார்கோ ஆண்டர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பெயர்களும் கொடுக்கப்பட்டதற்கு ஆதாரத்தை எடுத்து வைத்தார்கள். போர்க்காலச் சட்டம் ஒன்று ரகசியக் காப்பைத் தற்காலிகமாக நீக்கியிருந்தது. இன்று அந்த முகாம்களில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் நூலகத்தில் உட்கார்ந்து அதே 1940 தாளைத்தான் தேடுகிறார்கள். வெளியேற்றப்படுவதற்கு முன் குடும்பம் எந்தத் தெருவில், என்ன தொழில் செய்துகொண்டு இருந்தது என்பதை அரசே பதிந்து வைத்த கடைசிச் சாட்சியங்களில் ஒன்று அது.

காகிதத்தை வைத்துக் காப்பாற்றும் விஷயத்தில் அமெரிக்காவுக்கு ஒரு பழைய காயம் உண்டு. 1890 கணக்கெடுப்பின் தாள்கள் வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தின் நிலவறையில் இருந்தன. 1921 ஜனவரி 10 அன்று தீப்பிடித்தது. நெருப்புக்குத் தப்பியதும் தண்ணீரில் நனைந்து கிடந்தது. பல ஆண்டுகள் அப்படியே கிடந்த மிச்சத்தை அழித்துவிட 1933 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அனுமதி கொடுத்தது. அதே வாரத்தில்தான் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அதிபர் ஹூவர் அடிக்கல் நாட்டினார்! ஆறு கோடிக்கும் மேற்பட்டவர்களில் இன்று மிஞ்சியிருப்பவை ஆறாயிரத்துச் சொச்சம் பெயர்கள். 1880-க்கும் 1900-க்கும் நடுவில் பிறந்து, மணந்து, பிரிந்து போனவர்களைத் தேடுபவர்கள் இந்தப் பள்ளத்தில் தவறாமல் விழுகிறார்கள்.

1940 தாளைப் படச்சுருளாக்கினார்கள். 4,600-க்கும் மேற்பட்ட சுருள்கள். பிறகு மூலக் காகிதத்தை அழித்துவிட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் மங்கிப் போன பென்சில் எழுத்தை இனி எந்தக் காகிதத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. இடத்தை மிச்சம் பிடிக்கச் செய்த காரியம். எனக்கு இது மன்னிக்க முடியாததாகவே படுகிறது.

சுருள்கள் பூட்டப்பட்டன. கணக்கெடுப்புத் துறையும் ஆவணக் காப்பகமும் 1952-இல் கடிதம் மூலம் செய்துகொண்ட ஏற்பாடு 72 ஆண்டு காத்திருப்பு. 1978-இல் அது சட்டமானது. அதன்படி 2012 ஏப்ரல் 2 அன்று காலை ஒன்பது மணிக்கு 1940 திறக்கப்பட்டது. இந்த முறை சுருளாக அல்ல, முதன்முறையாக இணையத்தில் சுமார் 38 லட்சம் படங்களாக. முதல் மூன்று மணி நேரத்தில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட தட்டல்கள். தளம் திணறிப்போய் நின்றுவிட்டது.

அது மீண்டு வந்த பிறகுதான் பலருக்கு உண்மை உறைத்தது. பெயரை அடித்தால் ஆள் வராது. பெயர் அட்டவணை என்று ஒன்றே கிடையாது. 13 கோடிக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் கணக்கெடுப்பு வட்டார வாரியாகக் கிடந்தன. அப்பா எந்தத் தெருவில் குடியிருந்தார், அந்தத் தெரு எந்த வட்டார எண்ணில் அடங்கியது என்று தெரிந்தால்தான் தாளை எட்டலாம். நூலகங்கள் தங்கள் மதிப்பைக் காட்டிய கட்டம் இதுதான் என்பேன். நியூயார்க் பொதுநூலகம் நகரின் ஐந்து பெருவட்டங்களுக்கும் 1940-இல் வந்த டெலிபோன் டைரக்டரிகளைப் படமாக்கி இலவசமாக விரித்து வைத்தது. பெயரைப் பார், விலாசத்தை எடு, அதிலிருந்து வட்டார எண், அதிலிருந்து தாள். அறுபது எழுபது ஆண்டு பழைய டைரக்டரியை எந்த வீட்டில் வைத்திருப்பார்கள்? நூலகம் வைத்திருந்தது. விலாசத்தை வட்டார எண்ணாக மாற்றும் கருவியை எழுதித் தந்தவர் ஸ்டீஃபன் மோர்ஸ்; இன்டெல் 8086 சிப்பின் கட்டமைப்பை வடிவமைத்த அதே மோர்ஸ். ஜோயல் வைன்ட்ராப் என்ற ஓய்வு பெற்ற உயிரியல் பேராசிரியரும் அவரும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு செய்த வேலை அது. 1940-இல் டெலிபோன் இல்லாத வீடுகளே அதிகம் என்பதால், டைரக்டரியில் கிடைக்காதவர்களுக்கு நகர விலாசப் புத்தகங்கள், குடியுரிமை மனுக்கள், ராணுவப் பதிவு அட்டைகள் என்று அடுத்தடுத்த வழிகளை நூலகர்கள் காட்டினார்கள். ஆகஸ்டுக்குள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் எல்லா மாநிலங்களின் பெயர்களையும் தட்டச்சு செய்து முடித்துவிட்டார்கள்.

அட்டவணை வந்த பிறகும் வகுப்புகள் நிற்கவில்லை. தட்டச்சு செய்தவர் கையெழுத்தைத் தப்பாகப் படித்திருந்தால் குடும்பமே காணாமல் போகும்; அப்போது பழையபடி விலாசத்திலிருந்து தொடங்க வேண்டும். கணக்கெடுப்பாளர் வந்த அன்று வீடு பூட்டியிருந்தால் பிறகு தேடிப்பிடித்து எழுதியிருப்பார். அப்படிப்பட்டவர்கள் வட்டாரத்தின் கடைசியில் 61-ஆம் எண் தாளிலிருந்து வருவார்கள். விடுதிகளில் தங்கியிருந்தவர்கள் 81-இலிருந்து. இது தெரியாமல் வீட்டு எண் வரிசையை மட்டும் பார்த்துவிட்டு, தாத்தா கணக்கில் வரவே இல்லை என்று எழுந்து போனவர்கள் எத்தனையோ பேர். கட்டணத் தளங்களின் நூலகப் பதிப்புகளைப் பல பொதுநூலகங்கள் சந்தா கட்டி வைத்திருக்கின்றன. உள்ளே வந்து உட்கார்ந்தால் காசு இல்லாமல் பார்க்கலாம். இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்னில் ஆலன் கவுண்டிப் பொதுநூலகம் 1961-லிருந்தே இதற்கென்று தனிப் பிரிவு நடத்துகிறது. நடுத்தரமான ஓர் ஊர் நூலகத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் பயணம் செய்து வருகிறார்கள்.

வகுப்பின் விதி எளிமையானது: உன்னிலிருந்து தொடங்கு, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போ. 1940-இலிருந்து 1930, 1920 என்று படியிறங்கினால் வெள்ளைக்காரக் குடும்பங்கள் 1850 வரை பெயரோடு போகலாம். கறுப்பினக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு 1870-இல் சுவர் வந்துவிடும். விடுதலைக்குப் பிறகு அவர்களும் பெயரோடு எழுதப்பட்ட முதல் கணக்கு அதுதான். 1850, 1860 அடிமை அட்டவணைகளில் எஜமானின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் இவ்வளவுதான். அலெக்ஸ் ஹேலி தேசிய ஆவணக் காப்பகத்தில் வட கரோலினாவின் ஒரு கவுண்டியின் தாள்களைச் சுருளில் ஓட்டிப் பார்த்துக் கொல்லரான தன் முன்னோரைக் கண்டதிலிருந்துதான் 1976-இல் வந்த ‘ரூட்ஸ்’ வளர்ந்தது. அதில் அவர் சொன்ன ஆப்பிரிக்கத் தொடர்புகள் பின்னால் கேள்விக்குள்ளாயின. ஆனால் 1977-இல் அது தொலைக்காட்சித் தொடராக வந்தபின் நூலகங்களில் இந்தத் தேடலுக்கு வந்த கூட்டம் கலையவே இல்லை.

1950-இன் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று திறந்தன. இந்த முறை கணினி வாசித்த பெயர் அட்டவணை முதல் நாளே இருந்தது, பிழைகளோடு. 1960-க்கு 2032 வரை காத்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் காத்திருந்தும் பயனில்லை. 1948-ஆம் ஆண்டு கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி தனிநபர் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது. இத்தனை ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்ற விதியும் அதில் இல்லை. ஜப்பானியக் குடும்பங்களுக்கு நேர்ந்ததை நினைத்தால் பூட்டி வைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. என்றென்றைக்கும் பூட்டி வைப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. சட்டம் எப்போதாவது மாறட்டும். அதுவரை, வீட்டில் எண்பதைத் தாண்டியவர் இருந்தால் அவருடைய பாட்டன் பாட்டி பெயர், ஊர், தெரு, தொழில் ஆகியவற்றை இந்த வாரமே கேட்டு ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு வையுங்கள்.